ஐந்தரைக்கு முந்திய சிவப்பு

ஜனவரி 6, திங்கள்

காலை 152/98. மாலை 148/96.

டாக்டர் சொன்னார் என்று இந்த நோட்டு. "ரெண்டு வேளை பிபி பாத்து எழுதிட்டு வாங்கம்மா. அன்னைக்கு என்ன டென்ஷன்னும் ஒரு வரி எழுதுங்க" என்றார். ஒரு வரியாம். எனக்கு இருக்கிற டென்ஷனுக்கு ஒரு வரி எந்த மூலைக்கு?

டாக்டர் படிப்பதாக இருந்தால் அவருக்குப் புரிய வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி மருத்துவமனை வார்டுகளுக்கு மென்பொருள் செய்கிறது. நர்ஸ் மருந்து கொடுத்ததும் கையிலிருக்கிற டேப்லெட் திரையில் ஒரு டிக் போடுவார். அந்த டிக் சரியான இடத்தில் போய் உட்காருகிறதா, மருந்தின் பெயர், அளவு, நோயாளி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பது என் குழுவின் வேலை. கையால் செய்வதில்லை. ஆயிரத்து இருநூறு சோதனைகளை எழுதி வைத்திருக்கிறோம், பட்டனைத் தட்டினால் அதுவாக ஓடும். எல்லாம் சரி என்றால் பச்சை. ஒன்று இடறினாலும் சிவப்பு.

ஆபீஸ் சென்னையில். தலைவி என்ற பெயரில் நான் மதுரையில், வீட்டுப் பின்னறையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. தணிகைவேலன் திருத்தணியில். பெனடிக்டா நாகர்கோவிலில். மூன்று பேரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. மற்றபடி குரல்தான்.

போதும் டாக்டர். கை வலிக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

காலை 150/98.

ஆறு மணிக்கு பெனடிக்டா போன். அவள் ஐந்து மணிக்கே வேலையை ஆரம்பித்துவிடுவாள். வாரத்தில் மூன்று நாள் மதியம் அவள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தச் சிகிச்சை கம்பெனி காப்பீட்டில்தான் நடக்கிறது. வேலைக்குச் சேரும்போதே சம்பளத்தைக் கேட்காமல் அதைத்தான் கேட்டாள்.

"அக்கா, மருந்து டெஸ்ட் பின்னயும் சிவப்பு."

"திரும்ப ஓட்டுனியா?"

"ஓட்டுனேன். ரெண்டாவதும் சிவப்பு. மூணாவது பச்சை ஆயிட்டு."

"அப்பறம் என்ன? பச்சைன்னு போட்டுட்டுப் போ."

"இல்லக்கா, காலைல மட்டுமாக்கும் இப்பிடி வருது. பத்து மணிக்கு மேல ஓட்டுனா ஒரு கொழப்பமும் இல்ல."

"காலையில ஒன் நெட்டு இன்னும் தூங்கி எந்திரிச்சிருக்காது" என்றேன். அவளும் சிரித்தாள். அதற்குள் இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றி அடி தீய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் வைத்தேன். தணிகை ஏழு மணிக்கு வாழ்த்து அனுப்பினான், பெனடிக்டா ஐந்தே காலுக்கே சிவப்பு ரிப்போர்ட் அனுப்பினாள்.

ஜனவரி 22, புதன்

காலை 156/100. டாக்டர், இன்றைக்கு நீங்கள் மாத்திரையைக் கூட்டத்தான் போகிறீர்கள்.

சென்னையிலிருந்து பத்ரிநாத் அழைத்தார். எனக்கு மேலே இருக்கிற மேனேஜர். என்னைவிட எட்டு வயது இளையவர், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். "லோசனி, யாருக்கு எத்தனை வாட்டி முதல் ஓட்டத்துலயே ரெட் வருதுன்னு ஒரு ஷீட் போடுங்க. யார் கவனமா இருக்காங்க, யார் இல்லைன்னு தெரியணும்" என்றார். போட்டேன். நான் மூன்று, தணிகை நான்கு, பெனடிக்டா முப்பத்தொன்று.

"மேடம், எனக்கு ஒரு பிரச்சனையும் வரல. ஒம்பதரைக்கு ஒக்காந்தா எல்லாம் பச்சதான்" என்றான் தணிகை. நல்ல பையன், கேட்காததைச் சொல்ல மாட்டான்.

மூன்று தடவை ஓட்டுகிற விதி நான் போட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் சர்வர் சொத்தையாக இருந்தது. காரணமே இல்லாமல் சிவப்பு வரும். ஒவ்வொன்றையும் தோண்டிக்கொண்டிருந்தால் ஒரு வெளியீடும் நடக்காது. அதனால் சிவப்பு வந்தால் திரும்ப ஓட்டு, மூன்றில் ஒன்று பச்சையானால் பச்சை என்று வைத்துக்கொள் என்றேன். சென்னையில் கைதட்டினார்கள். அதன் பிறகு சர்வரையும் மாற்றியாகிவிட்டது. விதியை யாரும் மாற்றவில்லை, நானும்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

காலை 154/98.

பெனடிக்டா மறுபடியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் போடுத டிக் இன்னைக்குள்ள லிஸ்டுல காணல. ஆனா அழிஞ்ச மாதிரியும் இல்ல. எங்கயோ போய் உக்காருது. எனக்கு ஒரு சம்சயம் இருக்கு. அரை நாள் குடுங்க, நான் தோண்டிப் பாக்கேன்."

"அரை நாளா? மார்ச்சுல புது வெர்ஷன் வெளியீடு. தணிகையோட வேலையே பாதி நிக்குது. ஒனக்கு மட்டும்தான் இது வருது, புரியுதா? ஒனக்கு மட்டும்."

"லேப்டாப்ப மாத்திப் பாத்துட்டேன்க்கா. அண்ணன் வீட்டு நெட்டுலயும் ஓட்டிப் பாத்துட்டேன்."

"அப்ப நேரத்த மாத்து. நாளையிலேருந்து எல்லாரையும் மாதிரி ஒம்பது மணிக்கு வா."

"அம்மை…" என்று ஆரம்பித்தாள். "சரிக்கா" என்று முடித்தாள்.

அரைத் தூக்கத்தில் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் கை எங்கே போகும், கண் எங்கே போகும்? அடியாத மாடு படியாது.

பிப்ரவரி 5, புதன்

பெனடிக்டா ஒன்பது மணிக்கு வந்தாள். முதல் ஓட்டத்திலேயே ஆயிரத்து இருநூறும் பச்சை. நேற்றும் பச்சைதான். நான் சொன்னேன், கேட்டாளா? ஷீட்டில் அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம் போடும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

காலை 144/92. பாருங்கள் டாக்டர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவள் அம்மா இப்போது தெரிந்த ஆட்டோக்காரரோடு தனியாகத்தான் டயாலிசிஸுக்குப் போகிறாராம். பேச்சுவாக்கில் சொன்னாள். வீட்டுப் பக்கத்துக் குருசடியில் மாதாவுக்குப் பத்து மெழுகுதிரி ஏற்றினாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாவு அரைக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

பிபி பார்க்கவில்லை. மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. எனக்கும்தான்.

மார்ச் 3, திங்கள்

காலை 158/102.

பத்ரி அழைத்தார். ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஆளைக் குறைக்கிறார்களாம். "சோதனைதான் தானா ஓடுதே லோசனி, மூணு பேர் எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேர் குடுங்க. ஷீட்தான் இருக்கே, அதப் பாத்துக் குடுங்க." அடுத்த வெள்ளி, பதினாலாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கடிதம் போகுமாம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, "ஒன் பேரையும் சேத்து மூணு பேருதான?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எண்ணித்தான் பேசுவார். ஆமாம், மூன்றுதான். எனக்குப் பெண்ணின் கல்லூரி இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

பெயரை அனுப்பிவிட்டேன். நான் எங்கே தேர்ந்தெடுத்தேன், எண்கள் சொன்னதைத்தான் தட்டி அனுப்பினேன். ஒன்று முதல் நூறு வரை எண்ணத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முப்பத்தொன்று நாலைவிடப் பெரிசு என்றுதான் சொல்வார்கள்.

கத்தரிக்காய் முற்றல். குழம்பு கசந்தது. "யாரு பேரக் குடுத்த?" என்று அவர் கேட்டார். "குடுக்க வேண்டியதக் குடுத்தேன், சாப்பிடுங்க" என்றேன்.

பிபி பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

மின்வாரியத்திலிருந்து செய்தி. நாளை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எங்கள் பகுதியில் மின்சாரம் கிடையாது. இந்த வாரம்தானா கிடைத்தது? அடுத்த புதன் வெளியீடு. இருபத்திரண்டு மருத்துவமனைகளுக்கு ஒரே நாளில் போகிறது. கடைசிச் சுற்று நாளைக்கு நான்தான் ஓட்ட வேண்டும்.

இரவு முழுக்க சர்வர் வேறு குழுவுக்கு. காலை ஐந்து மணிக்குத்தான் எங்களுக்குத் திறக்கும். ஐந்துக்கே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 13, வியாழன்

ஐந்து மணிக்கு காப்பியோடு உட்கார்ந்தேன். ஐந்து ஐந்துக்கு ஓட்டினேன். மருந்து சோதனை சிவப்பு.

விதிப்படி திரும்ப ஓட்டினேன். ஐந்து பதினெட்டு. சிவப்பு.

மூன்றாவது தடவை ஐந்து முப்பத்து நான்குக்கு ஓட்டினேன். பச்சை. பச்சை என்று போட்டுவிட்டு எழுந்தும் விட்டேன். கரெண்ட் போவதற்குள் தொட்டியை நிரப்ப வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. என் லேப்டாப் புதியது. என் நெட்டில் ஒரு குறையும் இல்லை. நான் தூங்கி வழியவும் இல்லை. காலைல மட்டுமாக்கும்.

ஈரக் கையோடு ஓடி வந்து திறந்தேன். அவள் கேட்ட அரை நாள் எனக்குத் தேவைப்படவில்லை, பத்து நிமிடம் போதுமாக இருந்தது. ஐந்து ஐந்துக்குப் போட்ட டிக் அழியவில்லை. பன்னிரண்டாம் தேதிப் பட்டியலில், நேற்றைய பட்டியலில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் புது மென்பொருளுக்கு நாள் பிறப்பது கிரீன்விச் கடிகாரப்படி. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நமக்குக் காலை ஐந்தரை. அதற்கு முன்னால் இங்கே என்ன செய்தாலும் அதற்கு நேற்றுதான். வார்டில் நைட் நர்ஸ் ஐந்து மணிக்கு ஊசி போட்டு டிக் போடுவார், டிக் நேற்றில் போய் விழும். ஏழு மணிக்கு டியூட்டி மாறி வருகிறவர் இன்றைய பட்டியலைத் திறந்தால், மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று காட்டும். அவர் என்ன செய்வார் பாவம்? இன்னொரு ஊசி போடுவார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தொட்டி நிரம்பி மாடியெல்லாம் ஓடியது. அவர் போய் நிறுத்தினார்.

எட்டு மணிக்கு பத்ரியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார். "அடுத்த வாரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்! சூப்பர் கேட்ச், லோசனி! நான் மேல சொல்றேன், உங்க பேரோட சொல்றேன்."

"தேங்க்ஸ்" என்றேன். ஒன்பது மணிக்குக் கரெண்ட் போய்விட்டது.

மார்ச் 13, மதியம்

மின்விசிறி இல்லை. வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

படித்திருக்கவே கூடாது. ஜனவரி 9, அவள் சொல்லியிருக்கிறாள். ஜனவரி 14, ஐந்தே காலுக்கு ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறாள். பிப்ரவரி 3, டிக் எங்கோ போய் உட்காருகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் நானே என் கையெழுத்தில், தேதி போட்டு, நக்கலோடு எழுதி வைத்திருக்கிறேன். அவளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, இந்தப் பிழையைப் பார்க்கிற ஒரே ஜோடிக் கண்ணையும் மூடியிருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"பெனடிக்டா, மருந்து டெஸ்ட்ல வந்த சிவப்பு நிஜம்தான். ஒன் நெட்டு இல்ல. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல." ஐந்தரைக் கதையைச் சொன்னேன்.

"நான் சொன்னேன்லா அக்கா" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சொன்ன. நான்தான் கேக்கல."

"எனக்குக் கை ராசி இல்லன்னு நெனச்சேன்க்கா. பச்சை வந்தா பத்து மெழுகுதிரி கொளுத்துதேன்னு மாதாவுக்கு நேந்துகிட்டேன். ஒம்பது மணிக்கு மாத்துனதும் பச்சை வந்துட்டு. கொளுத்தவும் செஞ்சேன்."

இதற்கு மேல் மறைத்தால் சோறு இறங்காது என்று, "ஆளக் குறைக்கிறாங்க. போன வெள்ளிக்கிழமை நான் ஒன் பேரக் குடுத்துட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு லெட்டர்" என்றும் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கா?" என்றாள். "அம்மைக்கு நாளைக்கு டயாலிசிஸ் இருக்கே" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலை 166/104.

பதினொரு மணிக்கு பத்ரியும் எச்.ஆர். பெண்ணும் திரையில். என்னைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"அதக் கண்டுபுடிச்சது நான் இல்ல" என்றேன். "பெனடிக்டா ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னா. நான்தான் அவ வாயை அடைச்சேன்."

பத்ரி சிரித்தார். "லோசனி, நீங்க ரொம்ப நல்லவங்க. டீம் மேல பாசம், புரியுது. ஆனா ஷீட்டுல முப்பத்தொரு ரெட் இருக்கே."

"அந்த முப்பத்தொன்னும்தான் சார் நிஜம். பச்சைதான் பொய்."

"இதுக்கெல்லாம் ரெக்கார்ட் ஏதாவது இருக்கா?"

நோட்டை எடுத்தேன். பிபிக்காக வைத்திருந்த நோட்டு. ஜனவரி 9 என்று ஆரம்பித்துப் படித்தேன். நெட்டு தூங்குகிறது என்று நான் கிண்டலடித்ததையும் படித்தேன். ஒனக்கு மட்டும்தான் வருது என்றதையும், அடியாத மாடு படியாது என்று எழுதியதையும் படித்தேன். எச்.ஆர். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். விதி யார் போட்டது என்பதையும் விடாமல் படித்தேன்.

பத்ரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். உங்களுக்கு நல்லதில்ல."

"தெரியும் சார். நாலு மணி லெட்டர நிறுத்துங்க."

"லிஸ்ட்ல ஒரு பேர் இருந்தாகணுமே."

"மொதல்ல இருக்கிற பேர எடுங்க. அப்பறம் பேசுவோம்."

நான்கு மணி வரை அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். நான்கு ஐந்துக்கு ஒரு வரி வந்தது. 'கடிதம் நிறுத்தப்பட்டது.' பெனடிக்டாவுக்கு அதை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மார்ச் 17, திங்கள்

காலை 150/96.

மென்பொருள் எழுதுகிறவர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டார்களாம், வியாழன் காலை எங்களிடம் வரும். வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. மூன்று தடவை ஓட்டுகிற விதியை நானே எடுத்தேன். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பத்ரி அழைத்தார். பெனடிக்டா பெயர் பட்டியலில் இல்லை. அவள் அம்மாவின் காப்பீடும் தொடரும், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஏப்ரலிலிருந்து குழுவுக்குத் தலைவன் தணிகை. நான் அவனுக்குக் கீழே. குறைக்க வேண்டிய ஆள் யார் என்று அடுத்த மாதம் முடிவு செய்வார்களாம். அது யார் என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

வீட்டில் அவரிடம் சொன்னபோது, "பொண்ணு காலேஜுக்கு நான் ட்யூஷன் எடுத்துக்கிறேன், நீ மொதல்ல மாத்திரையப் போடு" என்றார். போட்டேன்.

பெனடிக்டா வேலைக்கு வருகிறாள். குழு அழைப்பில் தணிகையிடம் பேசுகிறாள். என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில். அது அவள் உரிமை. நேரத்தை அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். "அப்ப அஞ்சுதான்" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இன்று நானும் ஐந்துக்கு உட்கார்ந்தேன். திருத்திய மென்பொருளின் முதல் ஓட்டம். அவள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

ஐந்து இருபதுக்கு போன் அடித்தது. போன வியாழன் போனை வைத்த பிறகு அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அக்கா, பச்சை."

"நம்பாத. திரும்ப ஓட்டு."

"திரும்பயும் ஓட்டிட்டேன். டிக் எந்தத் தேதியில கெடக்குன்னும் பாத்துட்டேன். இருவதுலதான் கெடக்கு."

"சரிம்மா" என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் அம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க என்னமோ நோட்டு எழுதுவீங்களாம்லா. எச்.ஆர்.ல அந்தப் பிள்ளை சொல்லிச்சு."

"ஆமா. பிபி நோட்டு."

"இதையும் அதுல எழுதிப் போடுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க. மணியும் போடுங்க."

எழுதுகிறேன்.

மார்ச் 20, காலை 5.20. பச்சை. பெனடிக்டா சொன்னாள்.